"கவனமா இரு"ன்னு சொன்னா போதாது: மரத்தைச் சாய்வா அறுக்கும் கைகளுக்காக ஒரு இழை

1/
மரவேலை செய்றவங்க, வீடு கட்டிட்டு இருக்கிறவங்க, ஐடிஐ படிக்கிற பசங்க, மூணு பேருக்கும் சேர்த்து இந்த இழை. மெஷின் ரம்பத்துல மரத்தை 45 டிகிரி சாய்வா அறுக்கும்போது விரல் போறதைப் பத்தி. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. கடைசியில முதலுதவி இருக்கு. அதை மட்டுமாவது சேமிச்சு வச்சுக்கோங்க.

2/
ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்கால டூட்டி. நாகலாபுரத்துல இருந்து ஒருத்தர் வந்தார். 48 வயசு, 30 வருஷமா தச்சு வேலை. இடது கையில துண்டைச் சுத்தியிருந்தார், ரத்தம் முழங்கை வரைக்கும். கட்டைவிரல் நடுக்கணுவோட போயிருந்தது. ஆள்காட்டி விரல்ல எலும்பு தெரிஞ்சது. (ஆளை அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/
துண்டான விரலை அவர் வீட்டம்மா ஒரு டம்ளர் ஐஸுக்குள்ள நேரடியா போட்டு எடுத்துட்டு வந்திருந்தாங்க. அந்தப் பதட்டத்துல கடைக்கு ஓடி ஐஸ் வாங்கணும்னு தோணினதே பெரிய விஷயம். ஆனா முறை தப்பு. எப்படிக் கொண்டு வரணும்னு கடைசியில சொல்றேன்.

4/
ரத்தத்தை நிறுத்திட்டு இருக்கும்போது, எல்லா டாக்டரும் சொல்ற வசனத்தை நானும் சொன்னேன். "என்ன அண்ணாச்சி, கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா?"

அவர் சொன்னது: "அப்படிச் சொல்லாதீக சார். முப்பது வருஷம் இந்தக் கையை வச்சுத்தான் கஞ்சி குடிச்சிருக்கேன். கவனம் இல்லாதவனா இருந்தா எப்பவோ போயிருக்கும்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

5/
மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கு. ஆள்காட்டி விரல் தப்பிச்சது. கட்டைவிரலை மறுபடி சேர்க்க முடியல, முனையை மூடித் தச்சு அனுப்பினாங்க. டிரெஸ்ஸிங்குக்கு வந்தப்போ, அந்த வழியா போகும்போது பட்டறையைப் பார்க்க வரலாமான்னு கேட்டேன். "வாங்க சார்"ன்னார்.

6/
பட்டறைன்னா வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகை. ஒரு பிளைவுட் மேஜை. கையில பிடிச்சு அறுக்கிற 4 இஞ்ச் கட்டிங் மெஷினை மேஜைக்கு அடியில தலைகீழா மாட்டி, பிளேடு மட்டும் மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி செஞ்சிருக்கு. தமிழ்நாட்டுல முக்கால்வாசி சின்னப் பட்டறையில இதுதான் "டேபிள் ரம்பம்"னு எனக்குத் தோணுது. தப்பா இருந்தா மரவேலைக்காரங்க திருத்துங்க.

7/
மெஷினோட வந்த கார்டு எங்கேன்னு கேட்டேன். அட்டைப் பெட்டிக்குள்ள பாலித்தீன் கவர் பிரிக்காம இருந்தது. "தலைகீழா மாட்டினா அதைப் போட முடியாது சார்." உண்மைதான். அந்த மெஷின் மேஜைக்காக செஞ்சது இல்ல. மேஜை ரம்பமாவே செஞ்சு வர்ற மெஷின் விலை பல மடங்கு. அவர் கார்டை வேணும்னு கழட்டல. கார்டு மாட்டவே முடியாத மெஷினைத்தான் அவரால வாங்க முடிஞ்சது.

8/
அன்னைக்கு என்ன வேலைன்னா பேனல் கதவுக்கு பீடிங். நானும் அவரும் உக்காந்து கணக்குப் போட்டோம். நாலு பேனல் கதவு. ஒரு பேனலுக்கு நாலு பீடிங், முன்னும் பின்னும். மொத்தம் 32 துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு முனை. அப்போ ஒரு கதவுக்கு 64 சாய்வு வெட்டு. மூணு கதவு. 192 வெட்டு. கிரகப்பிரவேசம் அடுத்த வெள்ளி.

9/
இப்போ சொல்லுங்க. 192 தடவை ஒரு மனுஷன் விரலைப் பிளேடுக்கு ரெண்டு இஞ்ச் பக்கத்துல கொண்டு போறார். 191 தடவை கவனமாத்தான் இருந்திருக்கார். ஒரு தடவை மரம் நகர்ந்திருக்கு. இதுக்குப் பேர் அலட்சியமா?

என் கருத்து இதுதான்: கவனத்தை மட்டும் நம்புற எந்தப் பாதுகாப்பும் ஒரு நாள் தோத்துப் போகும். கை பிளேடுகிட்ட போக வேண்டிய அவசியமே இல்லாதபடி வேலையை அமைக்கணும்.

10/
"கையை டக்குனு எடுத்துக்கலாம்"னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. 4 இஞ்ச் கட்டர் நிமிஷத்துக்கு சுமார் 12,000 சுத்து. அதாவது நொடிக்கு 200. பிளேடு விளிம்போட வேகம் மணிக்கு ஏறக்குறைய 250 கி.மீ. மனுஷன் கையை இழுக்க ஆகிற நேரம் நொடியில அஞ்சுல ஒரு பங்கு. அதுக்குள்ள 40 பல் பிளேடுல 1,600 பல் அந்த இடத்தைக் கடந்திருக்கும்.

11/
இன்னொண்ணு. கத்தி வெட்டினா ஒரு கோடு. ரம்பம் வெட்டினா ஒரு பள்ளம். மரத்துல 2 மில்லிமீட்டர் தூளாப் போற மாதிரி சதை, எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாமே அந்த அகலத்துக்குத் தூளாப் போயிடும், ஓரமெல்லாம் பிய்ஞ்சும் போயிருக்கும். அதனாலதான் சேர்த்துத் தைக்கும்போது எலும்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டி வரும். ரம்பக் காயத்தை ஒட்டுறது சர்ஜனுக்கே சவால்.

12/
சரி, நேர் வெட்டை விட சாய்வு வெட்டு ஏன் ஆபத்து? நேரா கிழிக்கும்போது மரத்தோட நீளப் பக்கம் முழுசா பக்கவாட்டுக் கட்டையில சாஞ்சு போகும். 45 டிகிரியில அறுக்கும்போது பிளேடு மரத்தை வெட்டுறதோட பக்கவாட்டுலயும் தள்ளும். மரம் வழுக்கும். வழுக்குதேன்னு நாம இன்னும் இறுக்கிப் பிடிப்போம், இன்னும் கிட்டத்துல பிடிப்போம். விரல் உள்ளே போறது அந்த நொடியிலதான்.

13/
சாய்வுல ரெண்டு வகை இருக்கு, குழப்பிக்காதீங்க.

ஒண்ணு: பிளேடு நேரா நிக்கும், மரத்தைத் திருப்பி வச்சு அறுப்போம். பீடிங், போட்டோ பிரேம் மூலை எல்லாம் இது.

ரெண்டு: மரம் நேரா போகும், பிளேடு சாஞ்சிருக்கும். பெட்டி ஓரம், பிளைவுட் ஓரம் ரெண்டு சேர்ற இடம் இது.

ரெண்டுலயும் விரல் போற விதம் வேற வேற.

14/
முதல் வகையில ஆபத்து, துண்டு மரம். அறுந்து விழுற முக்கோணத் துண்டு சுத்துற பிளேடு பக்கத்துலயே கிடக்கும். அதை விரலால தட்டி விடுற பழக்கம் எல்லார்கிட்டயும் இருக்கு. தட்டாதீங்க. மெஷினை நிறுத்துங்க, பிளேடு நிக்கட்டும், அப்புறம் குச்சியால எடுங்க. அளவுக்கட்டையும் பக்கவாட்டுக் கட்டையும் ஒண்ணா வச்சு அறுத்தா துண்டு நடுவுல சிக்கி, கல்லு மாதிரி உங்க மேல பாயும்.

15/
ரெண்டாவது வகையில ஆபத்து, சாஞ்ச பிளேடுக்கு அடியில மாட்டுற மரம். பிளேடு எந்தப் பக்கம் சாயுதோ, பக்கவாட்டுக் கட்டை அதுக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும். அப்போ அறுந்த துண்டு தாராளமா விழும். மாத்தி வச்சா பிளேடுக்கும் கட்டைக்கும் நடுவுல மரம் நெருக்குண்டு பின்னால எகிறும். மரம் எகிறும்போது அதைத் தள்ளிட்டு இருந்த கை பிளேடு மேல விழும்.

16/
இனி தீர்வு. நான் வெறும் எம்பிபிஎஸ். கை அறுவை நிபுணரும் இல்ல, தச்சரும் இல்ல. கீழே சொல்றது அண்ணாச்சிகிட்டயும், ஐடிஐயில மரவேலை சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு சார்கிட்டயும் கேட்டு, பக்கத்துல நின்னு பார்த்துக் கத்துக்கிட்டது.

17/
தீர்வு 1: சின்ன பீடிங்குக்கு மெஷினே வேண்டாம். மூணு பலகையில ஒரு தொட்டி மாதிரி பெட்டி, மேலயும் ரெண்டு முனையிலயும் திறந்திருக்கும். பெட்டியோட வெளி அகலம் எவ்வளவோ, அதே அளவை மேல் விளிம்புல நீளவாக்குல குறிச்சு, மூலைமட்டம் வச்சு ஒரு சதுரம் போடுங்க. சதுரத்தோட மூலைக்கு மூலை கோடு இழுத்தா அதுதான் 45 டிகிரி. அந்தக் கோட்டுல கைரம்பத்தால ரெண்டு சுவரையும் அறுத்துடுங்க.

18/
பீடிங்கைப் பெட்டிக்குள்ள வச்சு, பொடிப் பல் கைரம்பத்தை அந்தப் பிளவுல விட்டு அறுக்க வேண்டியதுதான். கோணம் பிசகாது. மிஞ்சிப் போனா ஒரு சிராய்ப்பு. துண்டு பிளைவுட்ல செய்ய அரை மணி நேரம் ஆகாது. அண்ணாச்சி சொன்னார்: "எங்கப்பா காலத்துல எல்லா வேலையும் இதுலதான் சார். மெஷின் வந்ததும் தூக்கிப் போட்டோம்." மாட்டுவண்டிச் சக்கரத்துல வட்டைக்கட்டை ஒவ்வொண்ணும் கோண வெட்டுதானே. அதை அறுத்த கைகள்தான் இந்தக் கரிசல்காட்டுக் கைகள்.

19/
தீர்வு 2: வெட்டு நிறைய இருக்கு, மேஜை ரம்பம்தான் வேணும்னா, ஒரு நகரும் பலகை செய்யுங்க. பிளைவுட் அடிப்பலகை, மேஜையோட ரெண்டு ஓரத்தையும் கவ்விக்கிட்டு முன்னும் பின்னும் ஓடுற மாதிரி அடியில ரெண்டு ரீப்பர். மேலே ரெண்டு கட்டை, ஒண்ணுக்கொண்ணு மூலைமட்டமா, பிளேடு கோட்டுக்கு ரெண்டும் 45 டிகிரியா. மரத்தை அந்தக் கட்டையில சாய்ச்சு கிளாம்பு போட்டு முடுக்கணும். கை பலகையைத் தள்ளும், மரத்தைத் தொடாது.

20/
முக்கியமான ஒண்ணு. அந்தப் பலகையில பிளேடு வெளியே வர்ற முனையில ஒரு தடிமனான கட்டையை ஆணியடிச்சு வச்சுடுங்க. தள்ளி முடிக்கும்போது பிளேடு வெளியே எட்டிப் பார்க்கிற இடம் அதுதான். கட்டைவிரல் இருக்கிற இடமும் அதுதான். பிளேடு கட்டைக்குள்ளயே இருந்துட்டா போதும்.

21/
தீர்வு 3: கையில பிடிச்சு அறுக்கிற மெஷின்னா, மரத்தைக் காலால மிதிச்சுக்கிட்டு அறுக்காதீங்க. தொடையிலயும் பாதத்துலயும் வெட்டோட வர்றவங்க எல்லாம் இந்தக் கதைதான். ரெண்டு சி கிளாம்பு போட்டு மரத்தை ஸ்டூல்ல முடுக்குங்க. 45 டிகிரியில ஒரு நேர்க்கட்டையை வழிகாட்டியா முடுக்குங்க. பிளேடு மரத்துக்குக் கீழ 5 மில்லிமீட்டர் தாண்டினா போதும், முழுசா இறக்க வேண்டாம்.

22/
மர ரம்பத்துல தானா மூடிக்கிற கீழ் கார்டு ஒண்ணு இருக்கும். சாய்வா ஆரம்பிக்கும்போது அது மரத்தோட ஓரத்துல தட்டி நிக்கும். இது எரிச்சலா இருக்குன்னு ஆப்பு வச்சோ கம்பி கட்டியோ திறந்தே வச்சுடுறாங்க. வேண்டாம். பிடியில விரலால தூக்கி, பிளேடு மரத்துக்குள்ள போனதும் விட்டுடுங்க. மார்பிள் கட்டருக்கு அந்தக் கீழ் கார்டே கிடையாது. அதுல மர பிளேடு போட்டா, கீழே வைக்கிற நேரத்துலயும் வெறும் பிளேடு சுத்திட்டு இருக்கும். கிரைண்டிங் மெஷின்ல மர பிளேடு போடுறது அதை விட மோசம், கையில ஒரு விபத்தைப் பிடிச்சிருக்கிற மாதிரி. தயவுசெஞ்சு செய்யாதீங்க.

23/
மேலிருந்து கீழே இறக்கி அறுக்கிற மைட்டர் ரம்பம் வச்சிருக்கிறவங்களுக்கு: கை பிளேடுல இருந்து குறைஞ்சது 15 சென்டிமீட்டர் தள்ளி. கையைக் குறுக்கே மாத்திப் பிடிக்கக் கூடாது. சின்னத் துண்டு வேணும்னா நீள மரத்துல இருந்து அறுத்து எடுங்க, சின்னத் துண்டை இன்னும் சின்னதா அறுக்காதீங்க. அறுத்து முடிச்சதும் பிளேடு நின்ன பிறகுதான் மேலே தூக்கணும்.

24/
நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும்: ரம்பத்துல வேலை செய்யும்போது கையுறை போடாதீங்க. நூல் ஒண்ணு மாட்டினா கையையே உள்ளே இழுத்துடும். மணிக்கட்டுல சாமி கயிறு, மோதிரம், தொங்குற சட்டைக்கை, அவுந்து விழுற கைலி, எல்லாத்துக்கும் இதே கதிதான். கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் கட்டாயம்.

25/
நம்ம ஊர் பிரச்சினை ஒண்ணு: கரண்ட் கட். கட்டர்ல சுவிட்சை அழுத்தி லாக் பண்ற பட்டன் இருக்கு. தலைகீழா மாட்டின மெஷின்ல அது எப்பவுமே லாக்தான். கரண்ட் போச்சுன்னு பிளேடுல சிக்கின மரத்தைக் கையால எடுப்போம். கரண்ட் வந்தா உடனே சுத்தும். அதனால கரண்ட் போனதும் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குறது. மேஜையில காலுக்கோ கைக்கோ எட்டுற இடத்துல தனி சுவிட்சு இருந்தா இன்னும் நல்லது.

26/
"இதெல்லாம் படிக்காத ஆளுங்க பிரச்சினை"ன்னு யாராவது சொல்வீங்க. அமெரிக்காவுல 2015-ல மட்டும் மேஜை ரம்பத்தோட பிளேடுல பட்டு அவசர சிகிச்சைக்குப் போனவங்க சுமார் 30,000 பேர்னு அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோட மதிப்பீடு. கார்டோட வர்ற மெஷின், புரியுற மொழியில கையேடு, எல்லாம் இருந்தும். அங்கே ஸ்டீபன் காஸ்னு ஒருத்தர் தோலைத் தொட்டதும் சில மில்லி நொடியில பிளேடை நிறுத்துற சாஸ்டாப்னு ஒரு ரம்பத்தைக் கொண்டு வந்தார். 2004-ல விற்பனைக்கு வந்தது. மனுஷன் கவனம் தவறும்னு ஒத்துக்கிட்டுச் செஞ்ச மெஷின் அது.

27/
நாகலாபுரம் தகரக் கொட்டகைக்கு அந்த ரம்பம் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. ஆனா அந்த யோசனை வரலாம். மூணு பலகைப் பெட்டியும் ரெண்டு கிளாம்பும் அதே யோசனைதான், சில நூறு ரூபாய்ல.

28/
வீடு கட்டுறவங்களுக்கு: உங்க தேதிக்கும் இதுல பங்கு இருக்கு. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சாகணும்"னு நாம சொல்லும்போது, அங்கே பெட்டி வச்சு அறுக்கிற ஆள் மெதுவான ஆளா ஆயிடுறார். துண்டுக் கணக்குல கூலி பேசினா கை இன்னும் வேகமா ஓடும். ரெண்டு நாள் கூடுதலா குடுங்க. கதவு, ஜன்னலுக்கு ஆகிற செலவுல நாலு கிளாம்பு ஒரு செலவே இல்ல. வாங்கிக் குடுங்க.

29/
விரலுக்கு விலை என்னன்னு பார்ப்போம். 1923-ம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் போட்ட அட்டவணைல கட்டைவிரல் முழுசா போனா சம்பாதிக்கிற திறன்ல 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுசா போனா 14. கையோட மொத்த வேலையில கிட்டத்தட்ட பாதி கட்டைவிரலோடதுன்னு டாக்டர்கள் சொல்வோம். அதுவும் முதலாளின்னு ஒருத்தர் இருந்தாத்தான் கேட்க முடியும். அண்ணாச்சிக்கு அவரேதான் முதலாளி.

30/
அதனால, தச்சு வேலை செய்றவங்க கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணுங்க, புதுப்பிக்க மறக்காதீங்க. விபத்துல ஊனமானா உதவித்தொகை கேட்க அதுதான் வழி. அரசுக்கும் ஒரு வேண்டுகோள்: 2021-ல ஆரம்பிச்ச "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" சாலை விபத்துக்கு எவ்வளவு உதவுதுன்னு டூட்டியில தினமும் பார்க்கிறேன். வேலையில கை போறவங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்.

31/
முதலுதவி. இதைச் சேமிச்சு வச்சுக்கோங்க.

பிளக்கைப் பிடுங்கி, ஆளை உக்கார வைங்க. சுத்தமான துணியை வச்சு பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க, நடுவுல திறந்து பார்க்காதீங்க. கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க. மோதிரம் இருந்தா வீங்குறதுக்கு முன்னாடி கழட்டுங்க. மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். டீ, தண்ணி குடுக்காதீங்க, மயக்க மருந்து தேவைப்படலாம். 108-க்கு அடிங்க.

32/
விரல் துண்டாகிப் போயிருந்தா: சுத்தமான தண்ணியில லேசா அலசுங்க, தேய்க்காதீங்க. ஈரமான சுத்தத் துணியில சுத்துங்க. பாலித்தீன் கவர்ல போட்டு இறுகக் கட்டுங்க. அந்தக் கவரை ஐஸும் தண்ணியும் கலந்த பாத்திரத்துல வைங்க. விரல் ஐஸைத் தொடக் கூடாது, தண்ணியில ஊறவும் கூடாது. நேரடி ஐஸ் திசுவைச் சாகடிச்சுடும். தோல்ல தொங்கிட்டு இருந்தா வெட்டி எடுக்காதீங்க, அப்படியே சேர்த்துக் கட்டுங்க.

33/
விரல்ல தசை இல்லாததால கொஞ்சம் தாங்கும். சாதாரண வெப்பத்துல சுமார் 12 மணி நேரம், முறையா குளிர்ச்சியில வச்சா 24 மணி நேரம் வரைக்கும்கூட முயற்சி பண்ணலாம். ஆனா சீக்கிரம் போகப் போக வாய்ப்பு கூடும். முதல்ல பக்கத்து அரசு மருத்துவமனை. அங்கே ரத்தத்தை நிறுத்தி, டிடி ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டு அனுப்புவோம். கைக்குன்னே தனி சிகிச்சைப் பிரிவை சென்னை ஸ்டான்லியில 1971-லயே பேராசிரியர் ஆர். வெங்கடசாமி ஆரம்பிச்ச மாநிலம் இது. நம்பிக்கையோட வாங்க.

34/
சின்ன வெட்டுதானேன்னு வீட்டுல கட்டுப் போட்டுடாதீங்க. விரல் நுனி மரத்துப் போயிருந்தாலோ, மடக்க நீட்ட முடியலைன்னாலோ நரம்போ தசைநாரோ அறுந்திருக்கும். அன்னைக்கே தைச்சா பலன் வேற, ஒரு மாசம் கழிச்சு வந்தா பலன் வேற.

35/
அண்ணாச்சி இப்போ மறுபடி பட்டறைக்குப் போறார். உளி வலது கையில சரியா நிக்குது. மரத்தைப் பிடிக்கத்தான் முடியல. "வெட்டுறது வலது கைதான் சார், வேலை பார்க்கிறது இடது கை"ன்னார். அது எனக்கு எந்தப் பாடப்புத்தகத்துலயும் கிடைக்காத வரி. இப்போ மேஜை மேல ஒரு மூணு பலகைப் பெட்டி இருக்கு. பிடிக்கிற வேலையை அது பார்க்குது. மூணு வாரம் முன்னாடியே இருந்திருக்கலாம்.

36/
இனிமே ரம்பக் காயத்தோட வர்றவங்ககிட்ட "கவனமா இருக்கக் கூடாதா"ன்னு கேட்க மாட்டேன். "மரத்தை எது பிடிச்சிருந்தது?"ன்னு கேட்பேன். கேஸ் ஷீட்லயும் அதை எழுதப் போறேன்: என்ன மெஷின், என்ன வெட்டு, கார்டு இருந்ததா. கூட வேலை பார்க்கிற டாக்டர் நண்பர்களும் எழுதுங்க.

உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆசாரிக்கு இதை அனுப்புங்க. போன்ல படிக்க நேரம் இல்லாதவர்னா, 17-வதும் 32-வதும் மட்டும் வாசிச்சுக் காட்டுங்க. தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்.